எட்டு சர்வர ரெண்டாக்கணும்: விஎம்வேரா, ஹைப்பர்-வியா, ப்ராக்ஸ்மாக்ஸா, க்ளவுடா, இல்ல இருக்கறதே போதுமா?

போன மாசம் பல்லடம் பக்கத்துல ஒரு மில்லுல ஐடி பாத்துக்கற தம்பி போன் பண்ணாரு. "அண்ணா, விஎம்வேர் ரினியூவல் கொட்டேஷன் வந்திருக்குங்ணா, முதலாளி பாத்துட்டு இந்தக் காசுக்கு புது சர்வரே வாங்கிரலாமேங்கறாரு, நான் என்னங்ணா சொல்றது?" ரெண்டு நாள் கழிச்சு அவினாசில இருந்து இன்னொருத்தர். அவர்கிட்ட விஎம்வேரும் இல்ல ஒண்ணும் இல்ல, எட்டு சர்வர் தனித்தனியா ஓடுது, அதுல மூணு எப்ப நிக்கும்னே தெரியாது, எல்லாத்தையும் ஒண்ணு ரெண்டு பெட்டிக்குள்ள கொண்டு வந்துரலாமா, கொண்டு வந்தா எதுல கொண்டு வரதுன்னு கேக்கறாரு. இதுக்குப் பேருதான் வர்ச்சுவலைசேஷன்: ஒரே பெட்டிக்குள்ள பல சர்வர சாஃப்ட்வேர் மூலமா தனித்தனியா ஓட்டறது. அப்படி உள்ள ஓடற ஒவ்வொண்ணும் ஒரு விஎம், அத தாங்கற பெட்டி ஹோஸ்ட். விஎம்வேர், ஹைப்பர்-வி, ப்ராக்ஸ்மாக்ஸ் மூணும் அதுக்கான சாஃப்ட்வேர். ஆள் மாறினாலும் கேள்வி இதேதான் வருது, அதனால போன்ல ஒவ்வொருத்தருக்கா சொல்றத ஒரு இடத்துல ஒழுங்கா எழுதி வெச்சிரலாம்னு உக்காந்துட்டேன்.

நான் இங்க பேசறது 30 பேர்ல இருந்து 300 பேர் வரைக்கும் கம்ப்யூட்டர் பொழங்கற கம்பெனிகளுக்கு. மில்லு, கார்மென்ட்ஸ், பவுண்டரி, காலேஜ், இந்த மாதிரி. பேங்குக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கணக்கு வேற, அத இதுல போட்டு குழப்பிக்காதீங்க.

## முதல்ல ரூமுக்குள்ள போய் ஒரு நோட்டுல எழுதுங்க

எந்த சாஃப்ட்வேர்னு யோசிக்கறதுக்கு முன்னாடி சர்வர் ரூமுக்குள்ள ஒரு நோட்டோட போங்க. அவினாசி கம்பெனில நான் பாத்தது இது: ரேக்குல அஞ்சு சர்வர், கீழ தரைல மூணு டவர், அதுல ஒண்ணு சர்வரே கிடையாது, அசெம்பிள் பண்ண டெஸ்க்டாப், மேல "ஆஃப் பண்ணாதீங்க - பஞ்சிங்" னு மார்க்கர்ல எழுதின செலோ டேப். விண்டோ ஏசில இருந்து சொட்டற தண்ணிய புடிக்க ஒரு பெயிண்ட் டப்பா, அது நிக்கறது யூபிஎஸ்ல இருந்து ஒரு அடி தள்ளி. அந்த டப்பாவதான் முதல்ல எடுக்கச் சொன்னேன், வர்ச்சுவலைசேஷன் எல்லாம் அப்புறம்.

ஒவ்வொரு மெஷினுக்கும் இத எழுதுங்க: என்ன ஓடுது, என்ன ஓஎஸ், ரேம் எவ்ளோ இருக்கு அதுல எவ்ளோ நெசமா புழங்குது, டிஸ்க்ல எவ்ளோ ரொம்பியிருக்கு, பின்னாடி டாங்கிள் (சாஃப்ட்வேர் லைசென்ஸுக்காக சொருகற யூஎஸ்பி) இருக்கா, எடைமேடைக்கோ வேற மெஷினுக்கோ காம் போர்ட் (பழைய சீரியல் போர்ட்) கேபிள் போகுதா, இது நின்னா முதல்ல யாரு சத்தம் போடுவாங்க. கடைசி கேள்விய விட்றாதீங்க, எத முதல்ல மாத்தலாம் எத கடைசில மாத்தணும்னு அதுதான் சொல்லும். ரேம், சிபியு, டிஸ்க் கணக்க விண்டோஸ்ல இருக்கற பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர போட்டு ரெண்டு வாரம் ஓட விடுங்க, அதுக்குள்ள ஒரு மாசக் கடைசியும் ஒரு சம்பள நாளும் வர மாதிரி பாத்துக்கோங்க, சும்மா கெடக்கற செவ்வாய்க்கிழமை மத்தியானத்த அளந்து ஒரு பிரயோஜனமும் இல்ல.

இத அளந்தா நான் போன இடத்துல எல்லாம் ஒரே கதைதான் வரும், சிபியு தூங்கிட்டு இருக்கும், ரேம்ல பாதி காலி, ஆனா டிஸ்க் மூச்சு வாங்கிட்டு இருக்கும். ஒரு சாதா 7200 சுத்து சாட்டா டிஸ்க் செகண்டுக்கு 75ல இருந்து 100 ரேண்டம் வேலைதான் (அங்கங்க தாவிப் படிக்கறது, எழுதறது) பாக்கும். எட்டு மெஷினோட டிஸ்க் வேலைய அப்படியே தூக்கி நாலு சாட்டா டிஸ்க் மேல வெச்சா புது சர்வர் பழசவிட மெதுவாத்தான் ஓடும், அப்புறம் "வர்ச்சுவல் ஆக்கினதுல இருந்தே ஸ்லோ" னு அக்கவுண்ட்ஸ்ல இருந்து கம்ப்ளைண்ட் வரும். அதனால எந்த வழில போனாலும் எஸ்எஸ்டிதான், அதுலயும் என்டர்பிரைஸ் எஸ்எஸ்டி, அதாவது கரண்ட் போனா கையில இருக்கற டேட்டாவ எழுதி முடிக்கற கெப்பாசிட்டர் வெச்சது.

## எத வெச்சு எடை போடறது

என்னோட அளவுகோல் அஞ்சு.

1. அஞ்சு வருஷ செலவு. முதல் நாள் பில்ல மட்டும் பாக்கக்கூடாது.
2. ஒரு பெட்டி செத்தா எத்தன நேரத்துல திரும்ப வேலை நடக்கும்.
3. ராத்திரி ரெண்டு மணிக்கு அத எழுப்பத் தெரிஞ்ச ஆள் யாரு, அவரு ஊர்ல இல்லைன்னா அடுத்து யாரு.
4. டாங்கிள், காம் போர்ட், பழைய ஓஎஸ் இதெல்லாம் உள்ள ஓடுமா.
5. நாளைக்கு புடிக்கலைன்னா வெளிய வர எவ்ளோ கஷ்டம்.

இதுல ரெண்டாவதுதான் எனக்கு எல்லாத்துக்கும் மேல. ஏன்னு சொல்றேன். சில வருஷம் முன்னாடி திருப்பூர்ல ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனிக்கு ஏழு மெஷின ஒரே பெட்டிக்குள்ள கொண்டு வந்து குடுத்தேன். ரெண்டாவது பெட்டி அடுத்த பட்ஜெட்ல வாங்கிக்கலாம்னு அவங்க சொன்னாங்க, நானும் சரின்னுட்டேன். அஞ்சாவது மாசம் ஒரு சனிக்கிழமை காலைல ரெய்டு கார்டு (டிஸ்க் எல்லாத்தையும் சேத்து நடத்தற கார்டு) போயிருச்சு. திருப்பூர்ல சனிக்கிழமைன்னா வாரக்கூலி நாள். பஞ்சிங் டேட்டா, பேரோல், டேலி எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள்ள. பழைய மாதிரி தனித்தனியா இருந்திருந்தா ஏதோ ஒண்ணுதான் நின்னிருக்கும், மத்த ஆறு ஓடியிருக்கும். கார்டு பெங்களூர்ல இருந்து திங்கக்கிழமைதான் வந்துச்சு. அந்தச் சனிக்கிழமை சாயந்தரம் கேட்டுக்கு உள்ள டைலருங்க, செக்கிங் அக்காங்க எல்லாம் நின்னுட்டே இருந்தாங்க, சூப்பர்வைசர் ஒரு நோட்டுல பேரெழுதி ஆளுக்கு இவ்ளோன்னு அட்வான்ஸ் குடுத்தாரு, கடைசி ஆள் போறப்ப மணி பத்தரை. கார்டு போறது யார் தப்பும் இல்ல, ஆனா ஒத்தப் பெட்டிக்கு தலையாட்டினது என் தப்பு. அதுக்கப்புறம் ரெண்டாவது பெட்டி இல்லாத ப்ளான்ல நான் கையெழுத்து போடறதே இல்ல.

அதனால கீழ ஒவ்வொரு வழியையும் ரெண்டு பெட்டி + தனியா ஒரு பேக்கப் மெஷின்னு வெச்சுத்தான் எடை போடறேன். ஒரு பெட்டி செத்தா மத்தது எல்லாத்தையும் தாங்கணும், அப்படின்னா எந்தப் பெட்டிலயும் பாதி ரேமுக்கு மேல ரொப்பக்கூடாது. எட்டு மெஷினுக்கும் சேத்து நெசமா 80 ஜிபி புழங்குதுன்னா ஒவ்வொரு பெட்டிலயும் 128 ஜிபியாவது வேணும், ஒண்ணுல 64 இன்னொண்ணுல 64னு பிரிச்சு வாங்கறது கணக்குல தப்பு.

அவசரத்துல இருக்கறவங்க இந்த டேபிள பாத்துக்கோங்க, ஆனா விஷயம் எல்லாம் கீழதான் இருக்கு.

| வழி | முதல் நாள் செலவு | வருஷா வருஷம் | ஒரு பெட்டி செத்தா | யூஎஸ்பி டாங்கிள் | வெளிய வர |
|---|---|---|---|---|---|
| தனித்தனி சர்வரே | நடுத்தரம், பிச்சுப் பிச்சு வரும் | கரண்ட், ஏஎம்சி அதிகம் | அந்த ஒண்ணு மட்டும் நிக்கும், ஆனா ரொம்ப நேரம் | பிரச்சனை இல்ல | சுலபம் |
| விஎம்வேர் | அதிகம் | அதிகம் | ஷேர்டு ஸ்டோரேஜ் (ரெண்டு பெட்டிக்கும் பொதுவான டிஸ்க்) இருந்தா சில நிமிஷம் | ஓடும் | நடுத்தரம் |
| ஹைப்பர்-வி | விண்டோஸ் லைசென்ஸ்லயே அடங்கும் | குறைவு | ரெப்ளிகா இருந்தா சில நிமிஷம், கையால ஏத்தணும் | நேரா ஓடாது | நடுத்தரம் |
| ப்ராக்ஸ்மாக்ஸ் | ஹார்டுவேர் மட்டும் | குறைவு | தானா சில நிமிஷத்துல ஏறும், செட்டிங் சரியா இருந்தா | ஓடும் | சுலபம் |
| க்ளவுடு | கம்மி | மாசா மாசம், டாலர் ஏறினா ஏறும் | அவங்க பாத்துக்குவாங்க, லைன் உங்க பொறுப்பு | ஓடாது | கஷ்டம் |

## தனித்தனி சர்வராவே விட்டுட்டா

இது சோம்பேறித்தனம்னு சில பேர் பேசுவாங்க, நான் அப்படி நினைக்கல. மூணே மூணு சர்வர் இருக்கு, அதுல எதுவும் அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகல, ஐடிக்குன்னு தனி ஆள் இல்ல, வாரத்துக்கு ஒருதடவை வெளிய இருந்து ஒருத்தர் வந்து போறாருன்னா, இருக்கறத விட்டுட்டு அந்தக் காச நல்ல பேக்கப்புக்கும் யூபிஎஸ் பேட்டரிக்கும் போடுங்க.

ஆனா ஆறு ஏழுக்கு மேல போயிட்டா கரண்ட் பில்லுலயே தெரியும். ஒரு சர்வர் 250 வாட்டுனு வெச்சுக்கோங்க, எட்டு சர்வருக்கு 2000 வாட்டு, ராப்பகலா ஓடினா வருஷத்துக்கு 17,520 யூனிட்டு. அந்தச் சூட்ட வெளிய தள்ள ஏசிக்கு இன்னும் பாதி சேத்தா 26,280 யூனிட்டு, யூனிட்டுக்கு 9 ரூபான்னு போட்டா 2 லட்சத்து 36 ஆயிரத்துச் சொச்சம். அதே வேலைய ஆளுக்கு 350 வாட்டு இழுக்கற ரெண்டு புதுப் பெட்டி பாத்தா, ஏசியோட சேத்து 9,198 யூனிட்டு, 83 ஆயிரத்துக்குள்ள முடிஞ்சிரும். வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் மிச்சம், அஞ்சு வருஷத்துக்கு போட்டுப் பாருங்க, புதுப் பெட்டி விலைல பெரும்பங்கு அதுலயே வந்துரும். உங்க வாட்டு கணக்கு வேறயா இருக்கும், யூபிஎஸ் டிஸ்ப்ளேல லோடு எவ்ளோன்னு பாத்து நீங்களே போட்டுக்கோங்க.

இதுல கண்ணுக்குத் தெரியாத செலவு பழைய ஓஎஸ். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2வுக்கு சப்போர்ட் 2023 அக்டோபரோட முடிஞ்சிருச்சு, 2016க்கு 2027 ஜனவரியோட முடியுது, எஸ்க்யூஎல் சர்வர் 2014க்கும் 2024 ஜூலைலயே முடிஞ்சிருச்சு. மெஷின் நல்லா ஓடுது, ஏன் தொடணும்னு விட்டது எல்லாம் ஒரு நாள் ரான்சம்வேர் (ஃபைல எல்லாம் பூட்டிட்டு காசு கேக்கற வைரஸ்) உள்ள வரப்ப முதல் வாசலா நிக்கும்.

## விஎம்வேர்

வேலைத்தரம் பத்தி எனக்கு ஒரு குறையும் இல்ல. 2001ல இஎஸ்எக்ஸ் (பெட்டில ஏத்தற அவங்க சாஃப்ட்வேர், இப்ப பேரு இஎஸ்எக்ஸ்ஐ) வந்ததுல இருந்து இந்தத் துறையையே தூக்கி நிறுத்தினது அவங்கதான், ஓடற மெஷின நிறுத்தாம ஒரு பெட்டில இருந்து இன்னொரு பெட்டிக்கு நகத்தற விமோஷன 2003லயே குடுத்தாங்க. தெரிஞ்ச ஆளுங்க நெறைய, எந்த பேக்கப் சாஃப்ட்வேரும் இதோட ஒத்துப்போகும்.

மாறினது 2023 நவம்பர்ல ப்ராட்காம்ங்கற கம்பெனி விஎம்வேர வாங்கினதுக்கு அப்புறம். அந்த டிசம்பர்லயே ஒருதடவை வாங்கி காலத்துக்கும் வெச்சுக்கற லைசென்ஸ நிறுத்திட்டாங்க, இப்ப எல்லாம் சந்தா, அதுவும் கோர் கணக்குல, ஒரு சிபியுவுக்கு குறைஞ்சது 16 கோர்னு போட்டுத்தான் பில்லு. இதுலதான் சின்னக் கம்பெனிங்க மாட்டறாங்க. உங்ககிட்ட ரெண்டு பெட்டி, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு 8 கோர் சிபியு இருக்குன்னா நெசமா இருக்கறது 32 கோர், காசு கட்டறது 64 கோருக்கு. பல்லடம் தம்பிக்கு வந்த கொட்டேஷன் ஊதிப்போனதுக்கு பாதிக் காரணம் இதுதான். முன்ன மூணு ஹோஸ்ட் வரைக்கும் மொத்த விலைல கெடச்ச எசென்ஷியல்ஸ் கிட்டும் இப்ப இல்ல. இதுல இருந்தே ஆகணும்னா அடுத்த ஹார்டுவேர் வாங்கறப்ப ரெண்டு சின்ன சிபியுவுக்கு பதிலா ஒரே 16 கோர் சிபியு போட்ட பெட்டி வாங்குங்க, லைசென்ஸ் பாதியாயிரும்.

பழைய லைசென்ஸ் இருக்கறவங்க அப்படியே ஓட்டலாம், யாரும் வந்து நிறுத்த மாட்டாங்க, ஆனா வெர்ஷன் 7க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 2ஓட முடிஞ்சிருச்சு. சப்போர்ட் இல்லாம ஓட்டறதுல என்ன ஆபத்துன்னா, 2023 பிப்ரவரில இஎஸ்எக்ஸ்ஐ ஆர்க்ஸ்னு ஒரு ரான்சம்வேர் உலகம் பூரா ஆயிரக்கணக்கான ஹோஸ்ட்ட பூட்டுச்சு, அது நுழைஞ்ச ஓட்டைக்கு பேட்ச் 2021 பிப்ரவரிலயே வந்தாச்சு, போடாதவங்கதான் மாட்டினாங்க. தனித்தனி சர்வர்ல ஒரு வைரஸ் ஒரு மெஷினக் கெடுக்கும், ஹோஸ்ட்டுக்குள்ள நுழைஞ்சா அதுமேல ஓடற எல்லாமே ஒரே ராத்திரில போயிரும். நிறுத்தி வெச்சிருந்த இலவச இஎஸ்எக்ஸ்ஐய 2025 ஏப்ரல்ல திரும்பக் குடுத்தாங்க, ஆனா அதுல பேக்கப் சாஃப்ட்வேர் நுழையற கதவு பூட்டியிருக்கும், எல்லா ஹோஸ்ட்டையும் ஒரே இடத்துல இருந்து பாக்கற விசென்டர்லயும் சேக்க முடியாது, கம்பெனி வேலைக்கு அது வேண்டாம்.

யாருக்கு இது சரி: உங்க ஈஆர்பி (கம்பெனி வேலை மொத்தமும் ஓடற சாஃப்ட்வேர்) வெண்டர் விஎம்வேர்ல மட்டும்தான் சப்போர்ட் பண்ணுவேன்னு எழுத்துல குடுத்திருந்தா, பெரிய சான் ஸ்டோரேஜ் (எல்லா ஹோஸ்ட்டுக்கும் பொதுவா தனியா நிக்கற ஸ்டோரேஜ்) வாங்கி வெச்சிருந்தா, 15-20 ஹோஸ்ட் இருந்து ட்ரெயினிங் எடுத்த டீமும் இருந்தா. ரெண்டு பெட்டிக் கம்பெனிக்கு புதுசா இதுக்குள்ள போகச் சொல்ல எனக்கு மனசு வரல.

## ஹைப்பர்-வி

நிறைய பேர் மறந்துர்றது, விண்டோஸ் சர்வர் லைசென்ஸ் வாங்கினவங்க கையில இது ஏற்கனவே இருக்கு. விண்டோஸ் தெரிஞ்ச ஆளுக்கு கத்துக்க ஒரு வாரம் போதும். ஹைப்பர்-வி ரெப்ளிகான்னு ஒண்ணு இருக்கு, 2012ல இருந்தே வருது, ஷேர்டு ஸ்டோரேஜ் எதுவும் வேண்டாம், முதல் பெட்டில இருக்கற விஎம்ம 30 செகண்டுக்கோ 5 நிமிஷத்துக்கோ 15 நிமிஷத்துக்கோ ஒருதடவை ரெண்டாவது பெட்டிக்கு காப்பி பண்ணிட்டே இருக்கும். முதல் பெட்டி செத்தா ரெண்டாவதுல நீங்க கையால ஃபெயில்ஓவர் குடுக்கணும், அதாவது அந்தக் காப்பிய ஸ்டார்ட் பண்ணணும், அவ்ளோதான். சின்னக் கம்பெனிக்கு இது அருமையான விஷயம், இருக்கறதே தெரியாம லட்சக்கணக்குல ஸ்டோரேஜ் வாங்கினவங்கள பாத்திருக்கேன்.

இப்ப லைசென்ஸ். இத நிதானமா படிங்க, இது ஹைப்பர்-விக்கு மட்டும் இல்ல, விஎம்வேர் ப்ராக்ஸ்மாக்ஸ் எதுல விண்டோஸ் ஓட்டினாலும் இதே கணக்குதான். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு ஒரு செட்டு வாங்கினா அந்தப் பெட்டில இருக்கற எல்லா கோருக்கும் கணக்கு காட்டணும், குறைஞ்சது 16 கோர், அதுக்கு ரெண்டு விண்டோஸ் விஎம் ஓட்டலாம். நாலு விஎம் வேணும்னா ரெண்டு செட்டு, ஆறு வேணும்னா மூணு செட்டு. விஎம் ரெண்டு பெட்டிக்கும் போய் வரும்னா ரெண்டு பெட்டிக்கும் இதே கணக்கு. ஆறு விண்டோஸ் விஎம், ரெண்டு 16 கோர் பெட்டின்னா மூணும் மூணும் ஆறு செட்டு. கொட்டேஷன்ல வெண்டர் ஒரு செட்டு மட்டும் போட்டு கம்மியா காட்டுவாரு, ஆடிட்டுனு மெயில் வரப்ப அவரு பக்கத்துல இருக்க மாட்டாரு. டேட்டாசென்டர் எடிஷன்ல விஎம்முக்கு கணக்கே இல்ல, ஆனா விலை ஸ்டாண்டர்டு மாதிரி சுமார் ஆறு மடங்கு, அதனால ஒரு பெட்டில 10 விண்டோஸ் விஎம் வரைக்கும் ஸ்டாண்டர்டே லாபம். யூசருக்கான சிஏஎல் (CAL) லைசென்ஸ் தனி.

இன்னொண்ணு, பழைய சர்வரோட வந்த ஓஇஎம் விண்டோஸ் அந்த இரும்போட ஒட்டினது. அந்த மெஷின அப்படியே விஎம் ஆக்கி புதுப் பெட்டில போட்டா சட்டப்படி லைசென்ஸ் அதோட சேந்து வராது, புதுசு வாங்கணும்.

டாங்கிள் விஷயத்துல ஹைப்பர்-வி காலை வாரும். யூஎஸ்பிய நேரா விஎம்முக்குள்ள குடுக்கற வசதி இதுல கிடையாது, நெட்வொர்க் வழியா யூஎஸ்பிய குடுக்கற ஒரு சின்னப் பெட்டி தனியா வாங்கணும். அப்புறம் ஹோஸ்ட்ட கம்பெனி டொமைன்ல (எல்லாரோட லாகினையும் ஒரே இடத்துல வெச்சு நடத்தற விண்டோஸ் ஏற்பாடு) சேத்து வெச்சா, ஒரு டொமைன் அட்மின் பாஸ்வேர்டு திருட்டுப் போனா ஹோஸ்ட்டும் சேந்து போகும். நான் ஹோஸ்ட்ட டொமைனுக்கு வெளியதான் வெப்பேன், அப்ப ரெப்ளிகாவுக்கு சர்ட்டிபிகேட் போட்டு செட் பண்ணணும், அரை நாள் வேலை கூட, ஆனா செய்யுங்க.

யாருக்கு இது சரி: ஓடறது எல்லாம் விண்டோஸ், பாத்துக்கற ஆளுக்கும் விண்டோஸ்தான் தெரியும், டாங்கிள் ஒண்ணு ரெண்டுக்கு மேல இல்லைன்னா கண்ண மூடிட்டு இதுக்கு போங்க.

## ப்ராக்ஸ்மாக்ஸ்

வியன்னால இருக்கற ஒரு கம்பெனி பண்றது, 2008ல முதல் வெர்ஷன், டெபியன் லினக்ஸ் மேல கேவிஎம் (லினக்ஸ்ல விஎம் ஓட்டற பகுதி). ஏதோ புதுசா வந்தது மாதிரி பயப்பட வேண்டாம், கேவிஎம் 2007ல இருந்து லினக்ஸ் கெர்னலுக்குள்ளயே இருக்கு. சாஃப்ட்வேர்ல எல்லா வசதியும் இலவசம், சந்தா கட்டினா நல்லா சோதிச்ச அப்டேட்டும், மேல் ப்ளான்ல அவங்க சப்போர்ட்டும் கெடைக்கும், அந்தச் சந்தா கோர் கணக்கு இல்ல, சிபியு சாக்கெட் கணக்கு. கம்பெனி வேலைக்கு ஓட்டறவங்க குறைஞ்ச ப்ளானாவது கட்டுங்க, ரெண்டு சாக்கெட்டுக்கு அது பெரிய காசு இல்ல, நம்ம பொழப்பு ஓடறதுக்கு காரணமா இருக்கறவங்களுக்கு அந்த மரியாதை குடுக்கணும்.

2024 ஏப்ரல்ல வந்த 8.2 வெர்ஷன்ல இஎஸ்எக்ஸ்ஐல இருந்து விஎம்ம நேரா இழுத்துட்டு வர வசதி வந்துச்சு. பல்லடம் தம்பியோட ஆறு விஎம்ம அதுலதான் ஒவ்வொண்ணா கொண்டு வந்தோம். விண்டோஸ் விஎம்முக்கு ஒரு முன்வேலை இருக்கு, விர்ட்ஐஓ டிரைவர (விஎம்முக்குன்னே இருக்கற டிஸ்க், நெட்வொர்க் டிரைவர்) பழைய இடத்துல இருக்கறப்பவே போட்டுரணும், புது இடத்துல முதல்ல டிஸ்க்க சாட்டாவா காட்டி பூட் பண்ணி, கூடவே ஒரு சின்ன விர்ட்ஐஓ டிஸ்க்கையும் மாட்டி டிரைவர் ஏறிடுச்சான்னு பாத்துட்டு அப்புறம் மாத்தணும். இத விட்டா நீலத்திரைதான் வரும், டேட்டா எதுவும் போகாது, ஆனா அத பாக்கறப்ப ஆளுக்கு வயிறு கலங்கிரும்.

இதுல தப்பு பண்ற இடம் மூணு இருக்கு.

ஒண்ணு குவோரம், அதாவது பாதிக்கு மேல ஓட்டு இருந்தாத்தான் வேலை பாக்கும்ங்கற விதி. ரெண்டு பெட்டிய மட்டும் வெச்சு கிளஸ்டர் (பெட்டிங்கள ஒரே கூட்டா சேக்கறது) போட்டா, ஒண்ணு செத்ததும் மிச்சம் இருக்கறதுக்கு பாதி ஓட்டுதான், அதனால எதையும் புதுசா ஸ்டார்ட் பண்ண விடாது, நல்லா இருக்கற பெட்டி முன்னாடி நின்னுட்டு தவிக்கணும். மூணாவது ஓட்டுக்கு க்யூடிவைஸ்னு ஒண்ண ஏதாவது ஒரு சின்ன லினக்ஸ் மெஷின்ல போட்டுருங்க, ராஸ்பெரி பையே போதும், பேக்கப் மெஷின்லயும் போடலாம்.

ரெண்டு ஸ்டோரேஜ். ரெண்டு பெட்டிலயும் இசட்எஃப்எஸ் (டிஸ்க்க நிர்வாகம் பண்ற ஃபைல் சிஸ்டம்) போட்டா ரெப்ளிகேஷன் (ஒரு பெட்டில இருந்து இன்னொண்ணுக்கு காப்பி) உள்ளயே இருக்கு, செட்டிங் மாத்தாம விட்டா 15 நிமிஷத்துக்கு ஒருதடவை போகும், ஒரு நிமிஷம் வரைக்கும் குறைக்கலாம். பெட்டி செத்தா கடைசி காப்பிக்கு அப்புறம் டைப் பண்ணது போயிரும், இத முதலாளிகிட்ட முன்னாடியே சொல்லிருங்க. ரெய்டு கார்டு மேல இசட்எஃப்எஸ் போடக்கூடாது, கார்ட ஹெச்பிஏ மோடுக்கு (டிஸ்க்க அப்படியே நேரா காட்டறது) மாத்தணும், இல்ல ஹெச்பிஏவே வாங்கணும். சாதா டெஸ்க்டாப் எஸ்எஸ்டி போட்டா சீக்கிரம் தேஞ்சு போகும்.

மூணு, ஆள். இதுதான் நெசமான மறைமுக செலவு. கமாண்ட் லைன் பாத்து பயப்படாத ஒருத்தராவது வேணும். 95 சதவீத வேலை ப்ரவுசர்லயே முடியும், மிச்சம் அஞ்சு சதவீதம் வரப்ப கமாண்ட் லைன் தெரியணும், அது வரது ராத்திரிலதான். உள்ளூர்ல ப்ராக்ஸ்மாக்ஸ் பாக்கறவங்க இப்ப கெடைக்கறாங்க, ஆனா ஏஎம்சி போடறதுக்கு முன்னாடி அவர உக்கார வெச்சு ஒரு பெட்டிய ஆஃப் பண்ணி விஎம் இன்னொண்ணுல ஏறுதான்னு உங்க கண்ணு முன்னாடி காட்டச் சொல்லுங்க. காட்ட முடியலைன்னா வேற ஆளப் பாருங்க.

பேக்கப்புக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர்னு தனியா இருக்கு, மாறின பகுதிய மட்டும்தான் எடுக்கும், ஒரே டேட்டாவ திரும்பத் திரும்ப வெச்சுக்காது, அதனால பழைய சர்வர் ஒண்ணுலயே டிஸ்க் மாத்திப் போட்டு ஓட்டலாம். வீம்ங்கற பேக்கப் சாஃப்ட்வேர் பழக்கம் இருக்கறவங்களுக்கு 2024ல இருந்து அதுவும் ப்ராக்ஸ்மாக்ஸ சப்போர்ட் பண்ணுது.

யாருக்கு இது சரி: விஎம்வேர்ல இருந்து வெளிய வரவங்க, லினக்சும் விண்டோசும் கலந்து ஓட்டறவங்க, டாங்கிள் நெறைய இருக்கறவங்க. நான் இப்ப பத்துல ஆறு ஏழு இடத்துல இதத்தான் சொல்றேன். ஆனா ஆள் இல்லைன்னா சொல்ல மாட்டேன்.

## க்ளவுடு

20 பேர் ஆபீஸ், நாலு ஊர்ல கிளை, சர்வர் ரூமுக்கு இடமே இல்ல, அப்ப க்ளவுடுதான் சரி, மேல எழுதின எதையும் நீங்க படிக்க வேண்டாம். ஃபேக்டரின்னா யோசிக்கணும். பஞ்சிங் மெஷின், பார்கோடு ப்ரிண்டர், எடைமேடை எல்லாம் இங்கதான் இருக்கும், லைன் கட்டானா லோடு வண்டி கேட்லயே நிக்கும். ரெண்டு வேற வேற கம்பெனி இன்டர்நெட் லைன் வேணும், அத க்ளவுடு கொட்டேஷன்ல யாரும் எழுத மாட்டாங்க. டிசைன் ஃபைல் 300 எம்பி, அத ஒவ்வொரு தடவையும் மும்பைல இருந்து இழுத்து தொறக்கணும், டேட்டா வெளிய வர வர அதுக்கும் காசு.

மாசக் கணக்குல கம்மியா தெரியும், அஞ்சு வருஷத்துக்கு 60ஆல பெருக்கிட்டு ரெண்டு பெட்டி விலையோட வெச்சுப் பாருங்க. 24 மணி நேரமும் ஓடற மெஷினுக்கு பெரும்பாலும் சொந்தப் பெட்டிதான் ஜெயிக்கும், ராத்திரி நிறுத்தி வெக்கலாம்னா க்ளவுடு ஜெயிக்கும்.

கம்பெனிச் சட்டத்துக்கு கீழ வரவங்க ஒண்ணு பாத்துக்கோங்க, கணக்குப் புஸ்தகத்தோட பேக்கப் தினமும் இந்தியால இருக்கற சர்வர்ல இருக்கணும்னு 2022ல விதிய மாத்திட்டாங்க. அதனால மும்பை, ஹைதராபாத், சென்னைனு இங்க இருக்கற ரீஜன (அவங்க டேட்டா சென்டர் இருக்கற இடம்) எடுங்க, விலை கம்மியா இருக்குன்னு வெளிநாட்டு ரீஜன கிளிக் பண்ணிராதீங்க.

க்ளவுட நான் எல்லாருக்கும் சொல்ற ஒரே இடம் வெளி பேக்கப். பெட்டி ரெண்டும் பேக்கப் மெஷினும் ஒரே கட்டடத்துல இருந்தா, தண்ணியோ தீயோ வந்தா மூணும் ஒண்ணா போகும். 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் சென்னைல தரைத்தளத்துல சர்வர் வெச்சவங்களுக்கு இது தெரியும். என்க்ரிப்ட் பண்ண ஒரு காப்பி வெளிய போயே ஆகணும், அதுவும் இங்க இருக்கற பாஸ்வேர்ட வெச்சு அழிக்க முடியாத மாதிரி.

ஹெச்சிஐ (சர்வரும் ஸ்டோரேஜும் ஒண்ணா சேந்த பெட்டி), அத விக்கற நியூட்டானிக்ஸ் பத்தி கேக்கறவங்களுக்கு ஒரு வரி: நல்ல சாமான், ஒழுங்கா போட மூணு நோடு வேணும், 300 பேருக்கு மேல போனப்புறம் கொட்டேஷன் வாங்குங்க.

## எந்த வழில போனாலும் கொட்டேஷன்ல இல்லாத செலவு

டேலி லைசென்ஸ் மெஷினோட கட்டினது, பழைய மெஷின்ல சரண்டர் பண்ணிட்டு புது விஎம்ல ஆக்டிவேட் பண்ணணும், பண்ணாம பழச ஃபார்மட் பண்ணா அலைய வேண்டியிருக்கும். ஆரக்கிள் டேட்டாபேஸ் இருந்தா விஎம்முக்கு குடுத்த கோர மட்டும் கணக்கு எடுக்க மாட்டாங்க, அடியில இருக்கற பெட்டியோட மொத்த கோரையும் கேப்பாங்க, அத தனியா ஒரு சின்ன மெஷின்லயே விட்டுருங்க. எடைமேடை காம் போர்ட்டுக்கு சீரியல்-டு-ஈதர்நெட் கன்வெர்ட்டர் வாங்குங்க. பெட்டில ரெண்டு பவர் சப்ளை இருந்தா ரெண்டையும் ஒரே யூபிஎஸ்ல சொருகாதீங்க. ரெண்டு பெட்டிக்கும் நடுவுல 10ஜி நெட்வொர்க் கார்டு போட்டு நேரா ஒரு கேபிள், சுவிட்ச் கூட வேண்டாம், விஎம் நகத்தறது பல மடங்கு வேகமாயிரும். லாக் ஃபைல (மெஷின்ல என்ன நடந்துச்சுங்கற பதிவு) 180 நாள் வெச்சிருக்கணும், கடிகாரம் எல்லாம் ஒத்துப்போகணும்னு 2022 ஏப்ரல்ல செர்ட்-இன் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) சொல்லியிருக்கு, அதுக்கும் டிஸ்க்ல இடம் ஒதுக்குங்க.

டொமைன் கன்ட்ரோலர (டொமைன நடத்தற சர்வர்) மட்டும் பழச அப்படியே விஎம் ஆக்காதீங்க. புது விஎம்ல புதுசா ஒண்ணு ஏத்தி, ரோல் எல்லாத்தையும் அதுக்கு மாத்திட்டு, பழச முறையா எறக்குங்க. மத்த விண்டோஸ் மெஷின டிஸ்க்2விஹெச்டி வெச்சு எடுத்துரலாம், அது இலவசம்.

மாத்தற வரிசை: யாரும் சத்தம் போடாத மெஷின முதல்ல, ஒரு வாரம் பாத்துட்டு ஃபைல் சர்வர், அப்புறம் டேலி, பேரோலும் ஈஆர்பியும் கடைசில. திருப்பூர் பக்கம்னா வெள்ளி, சனி ரெண்டு நாளும் கைய வெக்காதீங்க, ஞாயித்துக்கிழமை பண்ணுங்க.

பழைய பெட்டிய உடனே ஸ்கிராப்புக்கு போடாதீங்க. ஆஃப் பண்ணி, லேன் கேபிள புடுங்கி அதுமேலயே டேப் போட்டு ஒட்டி, தேதி எழுதி ரேக்குலயே விடுங்க, ஒரு மாசக் கடைசி, ஒரு ஜிஎஸ்டி ஃபைலிங் முழுசா தாண்டட்டும். கேபிள புடுங்கறது முக்கியம், ஏன்னா யாராவது ஆன் பண்ணா அதே பேர்ல அதே ஐபில ரெண்டு சர்வர் நெட்வொர்க்குல நிக்கும், பாதிப் பேர் பழசுல என்ட்ரி போட்டுட்டு இருப்பாங்க. அந்த நாள் தாண்டினப்புறம் டிஸ்க்க கழட்டி முழுசா அழிச்சிட்டு, இல்ல டிரில் போட்டு ஓட்டையாக்கிட்டு அப்புறம் வெளிய அனுப்புங்க. அதுக்குள்ள உங்க ஆளுங்க எல்லாரோட ஆதார் நம்பரும் பேங்க் அக்கவுண்டும் இருக்கு.